சிரிக்காதவன் ஆடு வெட்டணும்

திங்கட்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக டயாலிசிஸ் கூடத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. மூன்று நாள் அடித்த பனிப்புயல் சனிக்கிழமை இரவோடு ஓய்ந்திருந்தது. வெயில் பட்ட பனி ஜன்னல் வழியே கண்ணைக் கூச வைத்தது. உள்ளே எப்போதும் அடிக்கிற வாடைதான்: மெஷின் கழுவும் மருந்தின் காடி நெடியும் நனைந்த கம்பளிச் சட்டைகளின் நெடியும். ரயில் தண்டவாளம் போட்ட காலத்துக் கட்டடம் அது. எவ்வளவு கரி போட்டாலும் குளிர் சுவரைவிட்டு இறங்காது.

எட்டுக் கட்டில், எட்டு மெஷின். நான் நாலாம் நம்பர். ஜன்னலோரம் இருக்கும் ஐந்தாம் நம்பர் ஓமிர்சாக்குடையது. அது காலியாக இருந்தது.

"எங்க அவன்? பனியில சறுக்கி விழுந்துட்டானா?" என்றேன்.

ஊசியோடு வந்த நர்ஸ் பெரிசாத், குத்தாமல் நின்றாள்.

"ஓமிர்சாக் அண்ணன் நேத்து சாயங்காலம் தவறிட்டாரு, அக்கா."

நான் சிரித்தேன்.

அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். செத்துப்போனான் என்று சொன்னதும் நான் சிரித்தேன். அவனும் பெரிசாத்தும் சேர்ந்து என்னை ஏய்க்கிறார்கள் என்று நினைத்தேன். பெரிசாத்தின் முகத்தைப் பார்த்த பிறகும் சிரிப்பு உடனே நிற்கவில்லை.

என் பெயர் உல்போசின். 'அடுத்ததாவது ஆணாகட்டும்' என்று அர்த்தம். ஐந்தாவது பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஓமிர்சாக் என்றால் நீண்ட ஆயுள். என் பெயரை வைத்து அவனும் அவன் பெயரை வைத்து நானும் ஆறு வருஷம் ஓட்டினோம்.

பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் மைக் பிடித்தவள் நான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாட்ஸப்பில் மைக் பிடித்தேன். 'ஒண்ணுக்குப் போகாதோர் சங்கம்' என்று குழு ஆரம்பித்தேன். சுற்றுவட்டாரத்தில் மெஷினை நம்பி உயிர் வாழ்கிற இருபத்துமூன்று பேர் அதில் இருந்தோம். அழுதுகொண்டே வந்தவர்கள் எத்தனையோ பேர் அங்கே வாய்விட்டுச் சிரித்தார்கள். விஷம் குடிக்க இருந்த ஒருத்தி, என் கேலியைப் படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்ததாக எனக்குத் தனியாக எழுதினாள். இதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். சிரிப்புதான் எங்களைத் தாங்கியது.

எங்கள் ஸ்டெப்பிப் புல்வெளிப் பக்கம் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் குர்தஸ். குர்தஸ் என்ன கேலி செய்தாலும் கோபம் வரக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அபராதம் உண்டு: ஆடு வெட்டி, கேலி செய்தவனுக்கே விருந்து போட வேண்டும். குழுவில் நாங்கள் பிறந்த வருஷத்தைப் பார்ப்பதில்லை, கையில் முதல் ஊசி ஏறிய வருஷத்தைத்தான் பார்ப்போம். ஓமிர்சாக்குக்கும் எனக்கும் ஒரே குளிர்காலத்தில் ஊசி ஏறியது. அதனால் அவன் எனக்கு மெஷின் குர்தஸ். குழுவுக்கும் அதே விதிதான் வைத்தேன்: சிரிக்காதவன் ஆடு வெட்டணும்.

ஆடு வெட்டுவதில் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, குக்கிராமத்தில் தனிக்கட்டை. கல்யாணமோ கருமாதியோ, சுற்றுப்பட்டில் அவன் கத்திதான் இறங்கும்.

புயலில் ரோடு மூடியதால் வெள்ளிக்கிழமை அவனால் மெஷினுக்கு வர முடியவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் குழுவில் ஒரு படம் போட்டான். தட்டில் உலர்ந்த ஆப்ரிகாட், பாதி காலி.

"ரொட்டி தீந்து போச்சு. அண்ணி குடுத்தது இதுதான் இருக்கு. யாரும் டாக்டர்கிட்ட போட்டுக் குடுக்காதீங்க" என்று எழுதி ஒரு சிரிக்கிற எமோஜிப் பொம்மை வைத்திருந்தான்.

எங்களுக்கு அந்தப் பழம் விஷம். அதிலுள்ள பொட்டாசிய உப்பு வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி இதயத்தை நிறுத்திவிடும். குழுவில் இது தெரியாதவர் யாரும் இல்லை.

"மீதியையும் தின்னுடு, குர்தஸ். ஜன்னலோரக் கட்டில் எனக்கு வந்துடும்" என்று நான் எழுதினேன்.

அரை மணி கழித்து எழுதினான்: "கால் ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணுது." ஒரு பொம்மை.

"என்னைக்கு வேலை செஞ்சுது, இன்னைக்கு நிறுத்த?" என்றார் ஆறாம் கட்டில் சகிந்திக். முன்னாள் லாரி டிரைவர், நூற்றிருபது கிலோ.

"நாக்கு தடிச்சுப் போச்சு. நெஞ்சு நொண்டிக் குதிரை மாதிரி விட்டு விட்டு ஓடுது."

"குதிரையை வித்துடுங்க மாமா" என்றாள் மூன்றாம் கட்டில் மக்பால். இருபத்துமூன்று வயசுப் பெண்.

பிறகு வந்தது: "உல்போசின், நான் சிரிக்கல."

அந்த வரியில் பொம்மை இல்லை. கண் இருக்கிறவளாக இருந்தால் கவனித்திருப்பேன்.

"சிரிக்கலேன்னா ஆடு வெட்டு" என்று எழுதி ஒரு பொம்மை வைத்தேன். அதற்குக் கீழே மக்பால் ஒன்று வைத்தாள். கடைசியாகச் சகிந்திக் ஒன்று வைத்தார்.

வாசலை நோக்கித் தவழ்ந்த வாக்கில் அவனைக் கண்டெடுத்தார்கள். போன் கையிலேயே இருந்ததாம். ஞாயிறு காலையிலேயே அந்த ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று பெரிசாத் சொன்னாள். ஒரு போன் போட்டிருந்தால் நாற்பது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் போயிருக்கும்.

ஏழாம் நாள் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சகிந்திக் குழுவில் எழுதினார்: "ஐந்தாம் கட்டில் காலி. பயணிகள் முந்தவும்." பஸ் நிலையத்தில் நான் அறிவிக்கிற தோரணையில் எழுதியிருந்தார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் பொம்மை பொம்மையாக வந்து விழுந்தது. நானும் ஒன்று வைத்தேன்.

மதியம் எல்லோரும் மெஷினில் இருந்தோம். வெளியே பளீரென்று வெயில்.

முதலில் வாடைதான் வந்தது. காடி நெடியை அமுக்கிக்கொண்டு ஈர ஆட்டு ரோமமும் பச்சைக் கொழுப்பும் நாறியது. பெரிசாத் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தாள்.

பிறகு யாரும் இல்லாத ஐந்தாம் கட்டிலில் கம்பிச் சுருள் அமுங்கியது.

நாக்கு தடித்துப்போன ஒரு குரல் மெதுவாகச் சொன்னது:

"உன்மேல குத்தமில்ல. எங்ககிட்ட சோறில்ல."

ஆட்டின் கழுத்தில் கத்தி வைக்கும் முன் நாங்கள் அதனிடம் சொல்வது அது. ஓமிர்சாக் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

சகிந்திக் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல" என்றாள் பெரிசாத்.

அவரால் நிறுத்த முடியவில்லை. கண்கள் பிதுங்கின. அவர்மேல் கிடந்த போர்வை முறுக்கிக்கொண்டு இரண்டு காலையும் இடது கையையும் சேர்த்துக் கட்டியது. ஆட்டுக்கு நாங்கள் மூன்று காலைக் கட்டி ஒன்றை விட்டுவிடுவோம். ஊசி ஏறிய வலது கை மட்டும் வெளியே கிடந்தது.

அவருடைய தலை பின்னால் வளைந்தது. தாடையைப் பிடித்து யாரோ இழுக்கிறார்கள். நெஞ்சு குழிந்தது, யாரோ முழங்கால் ஊன்றியிருக்கிறார்கள். தாடை எலும்பு விட்டுப்போன சத்தம் என் கட்டில் வரை கேட்டது. அதற்குப் பிறகும் தொண்டை சிரித்தது.

கத்தி எதுவும் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கை தானாகப் பிளந்தது, கோடு போட்டாற்போல் நேராக.

கழன்று விழுந்த குழாய் வழியாக மெஷின் அவர் ரத்தத்தை விடாமல் தள்ளியது. சுவரில் அடித்தது, கூரையில் அடித்தது, என் வாயில் விழுந்தது. சூடாக உப்புக் கரித்தது. பெரிசாத் ஓடிவந்து ரத்தத்தில் வழுக்கி விழுந்து, தவழ்ந்து போய்க் கத்திரியால் போர்வையை வெட்டினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் மெஷினின் குழாய்கள் என்னைக் கட்டிப் போட்டிருக்க, கிடந்த கிடையில் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஊசி நழுவியது, நோயாளி பதறிக் கையைக் கிழித்துக்கொண்டார் என்று அறிக்கை எழுதினார்கள். போர்வையில் விழுந்திருந்த முடிச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கூடத்து வாசலில் மக்பால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அக்கா, பஸ்ல யாரோ என் காதுகிட்ட வந்து சொல்றாங்க. குத்தமில்ல, குத்தமில்லன்னு. ஆட்டு வாடை குடலைப் புரட்டுது. திரும்பிப் பாத்தா பக்கத்துல யாருமில்ல."

"என்னைக்கிலேர்ந்து?"

"புதன்கிழமையிலேர்ந்து. இன்னைக்குக் கழுத்துல கை வச்சுப் பாத்துட்டுப் போச்சு."

அவள் துண்டை விலக்கிக் காட்டினாள். கழுத்து நரம்பின் மேல் ஒரு கட்டை விரல் அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. வெட்டுகிறவன் இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கடைசிப் பொம்மை சகிந்திக்குடையது, அதற்கு முந்தியது மக்பாலுடையது. கடைசியிலிருந்து வருகிறான் என்று எனக்குப் புரிந்தது.

மக்பாலுக்கு ஏப்ரலில் ஆபரேஷன். அவளுடைய அக்கா சிறுநீரகம் தருகிறாள். அந்த அக்கா தன் புருஷன் வீட்டோடு இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கிய சம்மதம் அது. இன்னும் மூன்று வாரம் இந்தப் பிள்ளை உயிரோடு, ஒரு கீறலோ காய்ச்சலோ இல்லாமல் இருந்தாக வேண்டும். நாள் தள்ளிப்போனால் அந்த வீட்டார் இன்னொரு முறை சம்மதிக்க மாட்டார்கள். பழத்தைத் தின்னச் சொன்னவள் நான், ஆடு வெட்டு என்றவளும் நான். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தவள், அவ்வளவுதான்.

வாசலில் நின்றபடியே குழுவில் எழுதினேன்:

"ஓமிர்சாக், உனக்குக் குர்தஸ் நான்தான். மக்பால் மெஷினுக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. சின்னப் பிள்ளைகிட்ட கைவரிசை காட்டுறவன் குர்தஸ் இல்ல, பொறுக்கி. நம்ம சண்டை நம்மளோட. எங்கிட்ட வா."

பதினெட்டுச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. உல்போசின் அக்கா பழையபடி ஆரம்பிச்சுட்டாங்க என்று ஒருவர் எழுதினார்.

"பெரிசாத்து, என்னை அஞ்சாம் நம்பர்ல போடு" என்றேன்.

"அய்யோ, அது வேணாம், அக்கா."

"ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாக்கணும்னு ஆறு வருஷமா ஆசை. ஆம்பளையா பொறந்திருந்தா அப்பவே குடுத்திருப்பீங்க."

அவள் சிரித்துவிட்டாள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

ஊசி ஏறியது, மெஷின் ஓடியது. ஊசி ஏறிய கையை மூடக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. ஊசி கழன்றால் ரத்தம் போவது வெளியே தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கட்டிலில் குளிர் எலும்பைக் கடித்தது. நானாக மூடினேனா, போர்வை தானாக ஏறியதா என்று இன்றுவரை தெரியவில்லை.

போர்வைக்குள் இன்னொரு கை இருந்தது.

ஈர ரோமம் ஒட்டிய கை. கட்டை விரல் என் நரம்பின் மேல் ஊர்ந்து, இடம் பார்த்து நின்றது.

"உன்மேல…" என்றது குரல் என் காதுக்குள். அப்புறம் நின்றுவிட்டது.



"உன்மேல குத்தம் இருக்கு."

நரம்புக்குள் ஊசி முறுக்கப்பட்டது. ஆறு வருஷமாக ஊசிக்குப் பழகிய கை அது. அந்த வலி மட்டும் உச்சந்தலையில் வந்து வெடித்தது.

"பெரிசாத்து, கையப் புடிச்சிருக்கான். ரத்தம் போகுது" என்று கத்தினேன்.

"யாருக்கா, மாப்பிள்ளையா? கல்யாணம் முடிச்சுட்டுத்தான் விடுவாராமா?" என்று அந்தக் கோடியிலிருந்து கேட்டாள் அவள். இரண்டாம் கட்டில் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். மக்பாலும் சிரித்தாள்.

இப்போது அவன் தெரிந்தான். என் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். உதடு கறுத்து, புருவத்தில் பனி உறைந்து, வாய் கொள்ளாமல் நாக்கு தள்ளியிருந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் கேட்கிற வாத்தியாரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் இன்னும் அழுத்தியது. என் விலா எலும்பு ஒன்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது.

"செத்துடுவேன். யாராவது வாங்க" என்றேன்.

சிரிப்பு.

கைக்குள் எதுவோ நீளமாக, நிதானமாக இறங்கியது. படுக்கை சூடானது. இடுப்பு வரை நனைந்தேன். போர்வைக்குள் கொட்டுகிற ரத்தம் மெஷினுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடியது, ஒரு சின்ன எச்சரிக்கைச் சத்தம்கூட இல்லாமல். என் நாக்கு தடித்தது.

அவன் குனிந்து என் வாயருகே காதை வைத்தான்.

"நான் சிரிக்கல" என்றேன்.

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். பெரிசாத் சிரித்துக்கொண்டே யாருக்கோ ஊசி கழற்றினாள். என் வாழ்க்கையில் கேட்ட சிரிப்பிலேயே கொடுமையான சிரிப்பு அதுதான். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எல்லோருக்கும் என்மேல் பிரியம். அந்தப் பிரியத்தோடுதான் நான் சாவதை வேடிக்கை பார்த்தார்கள். ஓமிர்சாக் தன் வீட்டு வாசலருகே தவழ்ந்தபடி எதைக் கேட்டுக்கொண்டு செத்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அவனுடைய இரண்டு கையும் என் கழுத்துக்கு வந்தன.

கண் இருட்டும்போது மக்பாலின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவள் தன் மெஷின் குழாய்களின் கிளிப்பை அடைத்து, ஊசி இரண்டையும் தானே உருவி, துளையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு கட்டிலைவிட்டுக் குதித்தாள். வெறுங்காலோடு ஓடிவந்து என் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

கட்டிலின் அடியில் ரத்தம் குளமாக நின்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை என் கை திறந்து கிடந்தது.

பிழைத்துக்கொண்டேன். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை, அடைத்துத் தைத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் குழாய் வைத்து ஓட்டுகிறேன். மக்பாலின் கையில் ஊசித் துளை இரண்டு நாளில் ஆறியது. காய்ச்சல் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. குழுவை நான் கலைக்கவில்லை, கேலியும் நிற்கவில்லை. ஆனால் யாராவது உடம்புக்கு ஒன்று என்று எழுதினால் முதலில் போன் போட வேண்டும், அப்புறம்தான் பொம்மை. இந்த விதியை யாரும் மீறுவதில்லை. சகிந்திக்கின் ரத்தத்தைத் தங்கள் முகத்திலிருந்து கழுவியவர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

ஏப்ரலில் மக்பாலுக்கு ஆபரேஷன் நடந்தது. நாலாம் நாள் போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணுக்குப் போயிட்டேன். என்னைச் சங்கத்தை விட்டு நீக்கிடுங்க."

இருவரும் சிரித்தோம். மனசு நிறைந்து சிரித்தேன், பல வாரம் கழித்து. பிறகு, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் சிரிக்கும்போது அவள் மட்டும் எப்படி நிறுத்தினாள்?

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஓமிர்சாக் மாமா பேரு சொல்லிக் கூப்பிட்டாரு, அக்கா. 'அவ சிரிக்கல, ஓடு புள்ள'ன்னாரு."

"எங்கேருந்து?"

"உங்க மேல உக்காந்துக்கிட்டுத்தான். ரெண்டு கையும் உங்க கழுத்துல இருந்துச்சு. திரும்பி என்னைப் பாத்துச் சொன்னாரு. அப்பவும் கையை எடுக்கல."

அன்றைக்குத்தான் அவனுக்காக அழுதேன். செத்துப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போன வாரம் புதிதாக வந்த டாக்டர் என் கையைப் பார்த்தார். இளைஞர், மரியாதையானவர். என்னைப் பற்றியோ குழுவைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல நரம்பாக இருந்தால் உள்ளே ரத்தம் இரைகிற சத்தம் கேட்கும், அடைத்துப்போன நரம்பில் ஒரு சத்தமும் இருக்காது என்றார். வேறு இடத்தில் நரம்பை இணைத்துத் தைக்க முடியுமா என்று பார்க்க, தழும்பின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குனிந்து கேட்டார். கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"ஒரு நிமிஷம் சிரிக்காம இருங்க, அக்கா. எனக்குக் கேக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவே இல்லை.